ஸ்டார்ட்டர் காயில் உர்ர்ருனு கத்திக் கருகுது: கோளாறு காந்தத்துலயா, கரண்ட்டுலயா?

தாராபுரம்_தோட்டம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. தோட்டத்து போர்ல 7.5 ஹெச்.பி. சப்மெர்சிபிள், டி.ஓ.எல். (மோட்டாரை நேரா லைன்ல போடற) ஸ்டார்ட்டர். கம்பத்துல இருந்து மோட்டார் ரூமுக்கு 200 மீட்டர் இருக்கும், 6 ஸ்கொயர் அலுமினிய ஒயர். பச்சை பட்டனை அமுக்குனா சில நேரம் ஒரே தட்டுல புடிச்சுக்குது. ஆனா உள்ள உர்ர்ருங்கற சத்தம் மட்டும் நிக்கறதே இல்லீங்க. அக்கம்பக்கத்துத் தோட்டத்துலயெல்லாம் மோட்டார் ஓடற நேரமுன்னா டகடகடகனு அடிச்சுப்போட்டு விட்டுருது. கரண்ட் இருக்கற வரைக்கும் ஸ்டார்ட்டரைப் புடிச்சு வெக்கற நோ வோல்ட் காயில் கருகிப் போச்சு. புதுசா 415 வோல்ட் காயில் வாங்கிப் போட்டும் அதுவும் சூடேறி வார்னிஷ் வாசம் அடிக்குது.

கேக்கறது மூணுங்க. வோல்டேஜ் கம்மியா இருந்தா கரண்ட்டும் கம்மியாத்தானே போகோணும், அப்புறம் எப்படிக் காயில் கருகும்? ரீவைண்டிங் பண்ணறவங்க “சுத்து கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தர்றோம், சூடாகாது”ங்கறாங்க, போடலாமுங்களா? 230 வோல்ட் காயில் மாட்டி ஒரு பேஸும் நியூட்ரலும் குடுத்துட்டா லோ வோல்டேஜ் தொல்லையே வராதுன்னு பக்கத்துத் தோட்டத்துல சொல்றாங்க, அது நெசமா?

---

கோவை_காயில்கடை எழுதியது:

மொதல் கேள்விக்கு வெவரமாச் சொல்றனுங்க. அது புரிஞ்சா மத்த ரெண்டும் தானா வெளங்கிரும்.

வோல்டேஜ் கொறைஞ்சா கரண்ட் கொறையும்ங்கறது ஹீட்டருக்கும் குண்டு பல்புக்கும் சரி. ஏ.சி. காந்தத்துக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. காயில்ல கரண்ட்டைக் கட்டுப்படுத்தறதுல கம்பியோட ரெசிஸ்டன்ஸுக்குப் பங்கு கம்மி. காயில் தனக்குத்தானே உண்டாக்கிக்கற எதிர் வோல்டேஜ்தான் பெரும்பங்கு தடுக்குது. இரும்புக் கோருக்குள்ள (மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு துண்டு) காந்தப்பாயம் செகண்டுக்கு 50 சுழற்சி ஏறி எறங்குது. மாறுற பாயம் அதைச் சுத்தியிருக்கற கம்பியில வோல்டேஜைத் தூண்டும், 1831ல ஃபாரடே கண்டது இதைத்தான். அந்த எதிர் வோல்டேஜ் லைன் வோல்டேஜுக்குக் கிட்டத்தட்ட ஈடாகற அளவுக்குப் பாயம் இருந்தே தீரணும். ஆக, பாயம் எவ்வளவுங்கறதை வோல்டேஜ் முடிவு பண்ணுது. அந்தப் பாயத்தைக் கொண்டுபோக எத்தனை கரண்ட் வேணுங்கறதை, கோர் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி முடிவு பண்ணுது.

கோர் தகட்டுல பாயம் சுலபமா ஓடும். காத்துல ஓடாது. 1 மி.மீ. காத்து இடைவெளி, மூணு மீட்டர் நீள இரும்புக்குச் சமமான தடை குடுக்கும்னு வெச்சுக்கோங்க. 1 டெஸ்லா அளவுக்குப் பாய அடர்த்தி வேணும்னா ஒவ்வொரு மி.மீ. காத்துக்கும் சுமார் 800 ஆம்பியர்-சுத்து (கரண்ட் × சுத்து) செலவாகும். பட்டனை அமுக்குன நொடியில மேல் கோருக்கும் கீழ் கோருக்கும் நடுவுல பல மி.மீ. சந்து இருக்குது. அதனால கரண்ட் எகிறுது. கோர் வந்து ஒட்டுனதும் சந்து போயிருது, கரண்ட்டும் எறங்கிருது.

இந்த சைஸ் கான்டாக்டர்ல, அதாவது ஸ்டார்ட்டருக்குள்ள காந்தத்தால மூடற சுவிட்சுல, இழுக்கற நேரத்துல 70 முதல் 80 வி.ஏ. (வோல்ட் × ஆம்பியர்), ஒட்டுனதுக்கப்புறம் 7 முதல் 10 வி.ஏ. எடுக்கறது சகஜம். 415 வோல்ட்டுல 80 வி.ஏ.ன்னா 190 மில்லி ஆம்பியருக்கு மேல, 10 வி.ஏ.ன்னா 24 மில்லி ஆம்பியர். கரண்ட் எட்டு மடங்குன்னா சூடு எட்டோட எட்டு, 64 மடங்கு. நல்ல கான்டாக்டர் இந்த எகிறுன கரண்ட்டை 20 மில்லி செகண்ட் அளவுக்குத்தான் தாங்க வேண்டியிருக்கும். கோர் முழுசா ஒட்டாம பாதியில தொங்குனா அதே கரண்ட் நிமிஷக் கணக்குல ஓடும். கம்பி தலைமுடி கனந்தான், இனாமல் உருகி சுத்துக்குச் சுத்து ஷார்ட் ஆகிரும்.

இப்ப உங்க லோ வோல்டேஜுக்கு வாங்க. வோல்டேஜ் கொறைஞ்சா பாயமும் அதே விகிதத்துல கொறையும். இழுவிசை பாயத்தோட வர்க்கத்துல போகும். 85 சதவீத வோல்டேஜுன்னா இழுவிசை 72 சதவீதம், 300 வோல்ட்டுன்னா பாதிதான். ஸ்பிரிங்கை அமுக்கிக் கோரை ஒட்ட வெக்க அது பத்தாது. கோர் ஒட்டலையா, சந்து இருக்குது. சந்து இருந்தா கரண்ட் எறங்காது. காயிலுக்கு வோல்டேஜ் கம்மிதான், ஆனா ஒட்டியிருக்கறப்ப எடுக்கறதைவிடப் பல மடங்கு கரண்ட் எடுத்துட்டு நிக்குது. கருகறது இதனாலதானுங்க.

கான்டாக்டர் தரவிதிப்படி காயில் வோல்டேஜ்ல 85 முதல் 110 சதவீதத்துக்குள்ள அது சுத்தமாப் புடிக்கோணும். 415 காயிலுக்கு 353 முதல் 456 வோல்ட். 353க்குக் கீழ புடிச்சா அது அதிர்ஷ்டம், புடிக்கலைன்னா கோளாறுன்னு சொல்ல முடியாது.

சுத்து கூட்டறது: வேண்டாமுங்க. காயில் சூத்திரம் இதுதான்: வோல்டேஜ் = 4.44 × 50 × சுத்து × பாயம். வோல்டேஜ் அதேதான், சுத்தை 10 சதவீதம் கூட்டுனா பாயம் 9 சதவீதம் எறங்கும், இழுவிசை 17 சதவீதம் போயிரும். ஃபுல் வோல்டேஜ் வர்ற இடத்துல காயில் நெசமாவே குளுகுளுன்னு இருக்கும், ஆனா உங்க லைன்ல மேலும் சீக்கிரமா உட்டுரும். கொறைச்சுச் சுத்தறதும் ஆகாது. கோர் நெரம்பலுக்குப் போயிட்டா பாயத்தை இன்னும் சித்த ஏத்தறதுக்கே கரண்ட் தாறுமாறா ஏறும். கழட்டுன காயில்ல எத்தனை சுத்தோ அத்தனையே, அதே கேஜ்.

சரிபாக்க ஒரு கணக்கு: நடுக்கால் 16க்கு 16 மி.மீ., இரும்பு மட்டும் 2.5 சதுர செ.மீ., பாய அடர்த்தி 1 டெஸ்லான்னா 415 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 7,500 சுத்து வரும். யாராவது 4,000 சுத்துலயே பாபின் ரொம்பிருச்சுன்னா கம்பி கனமாப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், அது 415ல நிக்காது. 230 காயிலை 415க்கு மாத்திச் சுத்தறதுன்னா சுத்து 1.8 மடங்கு, கம்பி விட்டம் 1.34ல வகுக்கோணும். 37 கேஜ், அதாவது 0.173 மி.மீ. இருந்த எடத்துல 39 கேஜ், 0.132 மி.மீ. வரும். அப்பத்தான் அதே பாபின்ல அடங்கும்.

230 வோல்ட் காயில் யோசனை: 85 சதவீதக் கணக்கு அதுக்கும் உண்டு, 195 வோல்ட்டுக்குக் கீழ அதுவும் புடிக்காது. லைன் எறங்குனா பேஸ்-நியூட்ரலும் அதே விகிதத்துல எறங்கும். லாபம் ஒண்ணுமில்லை. தோட்டத்து நியூட்ரல் எங்கயாவது லூஸானா பேஸ்-நியூட்ரல் வோல்டேஜ் இஷ்டத்துக்குத் தள்ளாடும், அந்த வம்பு வேற சேரும்.

---

அவிநாசி_ஒயரிங் எழுதியது:

இவ்வளவு கணக்கு எதுக்குங்ணா? உர்ர்ர் சத்தம்னா கோர் மூஞ்சியில துரு. கழட்டி 80ஆம் நெம்பர் எமரி போட்டு நல்லாத் தேச்சுப்போட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுங்க. சத்தம் நின்னுரும்.

---

பாலிடெக்னிக்_வாத்தியார் எழுதியது:

எமரியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். சொன்னவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, காரணத்தோடு சொல்கிறேன்.

கோர் ஒரே இரும்புக் கட்டி அல்ல, அரை மி.மீ. கனத்துத் தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்தது. தகட்டுக்குத் தகடு காப்புப் பூச்சு இருக்கிறது. மாறும் பாயம் கம்பியில் மட்டும் வோல்டேஜைத் தூண்டாது, இரும்புக்குள்ளும் தூண்டும். கட்டி இரும்பாக இருந்தால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடிக் கோர் கொதிக்கும். தகடாகப் பிரித்து வைத்திருப்பது அந்த ஓட்டத்தின் பாதையை வெட்டத்தான். முரட்டு எமரியால் தேய்த்தால் தகட்டு விளிம்புகள் பிசிறு விட்டு ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். மேலும், அந்த முகங்கள் ஆலையில் கிரைண்டிங் செய்யப்பட்டவை. கையால் தேய்த்தால் சமதளம் போய்விடும், உச்சியில் மட்டும் தொட்டு ஓரத்தில் சந்து நிற்கும். இருந்த சத்தத்தைவிட அதிகச் சத்தம் வரும்.

இன்னொன்று, ‘ஈ’ வடிவக் கோரின் நடுக்காலைப் பாருங்கள். வெளிக்கால்கள் இரண்டும் ஒட்டியபின்னும் நடுக்காலில் ஒரு தாள், இரண்டு தாள் கனத்துக்குச் சந்து விட்டிருப்பார்கள். தேய்மானம் என்று நினைத்துவிடக் கூடாது, வேண்டுமென்றே விட்டது. கரண்ட்டை நிறுத்தியபின்னும் இரும்பில் கொஞ்சம் காந்தம் மிஞ்சும். சந்தே இல்லாவிட்டால் அந்த மிச்சக் காந்தமே கோரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிவப்பு பட்டனை அமுக்கினாலும் மோட்டார் நிற்காது. வெளிக்கால்களைத் தேய்க்கத் தேய்க்க இந்தச் சந்து மூடிக்கொண்டே போகும். நிறுத்தினால் தாமதமாக விடுகிற ஸ்டார்ட்டர்களில் இதை முதலில் சந்தேகப்படலாம். எண்ணெயும் கிரீஸும் அதே தொல்லையை வேறு வழியில் கொண்டுவரும்: இரண்டு வழவழப்பான முகங்களுக்கு நடுவே பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும், தூசியைச் சேர்க்கும். புதுக் கான்டாக்டரில் முகத்தில் துருக்காப்பு எண்ணெய் தடவியிருந்தால் அதையும் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும். கறை பிடித்திருந்தால் துணியில் சிறிது தின்னர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள்.

இனி உர்ர்ர் சத்தம். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது துரு அல்ல, செம்பு வளையம். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு தரம் பூஜ்யத்தைத் தொடுகிறது. இழுவிசை திசையைப் பார்ப்பதில்லை, வர்க்கம்தான். ஆகவே செகண்டுக்கு 100 தரம் இழுவிசை பூஜ்யமாகிறது, அந்த 100 தரமும் ஸ்பிரிங் கோரைப் பிரிக்கப் பார்க்கிறது. இதைத் தடுக்கத்தான் வெளிக்கால் முகத்தில், பாதிக்கும் சற்று மேலான பரப்பைச் சுற்றி ஒரு செம்பு வளையத்தைப் பதித்திருக்கிறார்கள். அதை ஷேடிங் ரிங் என்போம். அது ஒரே சுற்றுள்ள, ஷார்ட் செய்த காயில். மாறும் பாயம் அதில் கரண்ட்டைத் தூண்டும், அந்தக் கரண்ட் தன் பங்குக்குப் பாயத்தின் மாற்றத்தை எதிர்க்கும். விளைவு: வளையத்துக்குள் இருக்கும் பகுதியின் பாயம், வெளியே இருக்கும் பகுதியைவிடப் பின்தங்கி வரும். ஒரு பகுதி பூஜ்யமாகும் நேரத்தில் மற்றது இழுத்துக்கொண்டிருக்கும். மொத்த இழுவிசை பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை.

வளையத்தில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் சுற்று அறுந்ததுதான், அதில் கரண்ட் ஓடாது, கோர் கத்தும். டகடக என்று பலகாலம் அடித்த ஸ்டார்ட்டர்களில் அந்த அடியே வளையத்தை உடைத்துவிடும், பெரும்பாலும் மூலையில். லென்ஸ் வைத்துப் பாருங்கள், நகத்தால் நெருடிப் பாருங்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்க முயல வேண்டாம், மறுபடி அடிபட்டால் விட்டுவிடும். கோரை ஜோடியாக மாற்றுங்கள்.

முகங்கள் சரியாக ஒட்டுகின்றனவா என்று பார்க்க ஒரு எளிய வழி: மெயினை அணைத்துவிட்டு, வெள்ளைத் தாளோடு சேர்த்துக் கார்பன் தாளைக் கோர் நடுவே வைத்துக் கையால் அமுக்கி எடுங்கள். வெளிக்கால் இரண்டின் தடமும் முழுச் சதுரமாக விழ வேண்டும். ஓரத்தில் மட்டும் விழுந்தால் கோர் சாய்ந்து உட்காருகிறது. நடுக்காலின் தடம் மங்கலாக இருப்பது நல்லதே.

---

கோவை_காயில்கடை எழுதியது:

வாத்தியார் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கோங்க: பல்லி. காயில் வெதுவெதுப்பா இருக்கறதால தோட்டத்து ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள பல்லியும் எறும்பும் குடியேறும். கோர் நடுவுல நசுங்குன பல்லி ஒண்ணு போதும், சந்து மூடவே மூடாது, காயில் போச்சு. பொட்டியில கேபிள் நொழையற ஓட்டையை கிளாண்ட் போட்டு அடைங்க. துணியைத் திணிச்சு வெக்கறது எறும்புக்குக் கூடு கட்டிக் குடுத்த மாதிரி.

---

வெள்ளகோவில்_எலக்ட்ரீசியன் எழுதியது:

கேள்வி கேட்டவருக்கு: எதையும் வாங்கறதுக்கு முன்னால கோளாறு லைன்லயா ஸ்டார்ட்டர்லயான்னு பிரிச்சுப் பாத்துருங்க. முறை இதுதான்.

மெயினை அணைச்சு, ஃபியூஸ் கேரியர் மூணையும் புடுங்கிக் கையில வெச்சுக்கோங்க. பொட்டியைத் தெறந்து டெஸ்ட் லேம்ப்ல, பேஸுக்குப் பேஸ் செத்துருச்சான்னு பாருங்க. கெபாசிட்டர் மாட்டியிருந்தா அதையும் டிஸ்சார்ஜ் பண்ணிருங்க. அப்புறம் ஓவர்லோடு ரிலேக்குக் கீழ மோட்டாருக்குப் போற ஒயர் மூணையும் கழட்டி டேப் சுத்தி ஒதுக்கி வெச்சுப்போட்டு, ஃபியூஸைப் போட்டு மெயினைக் குடுத்து பச்சை பட்டனை அமுக்குங்க. இப்ப மோட்டார் இல்லை, காயில் மட்டுந்தான். சத்தமில்லாம ஒரே தட்டுல புடிச்சா காந்தம் நல்லாயிருக்குது, பழி லைன் மேல. அப்பவும் உர்ர்ருன்னா வளையம், தூசி, சாய்ஞ்ச கோர், இதுகள்ல ஒண்ணு.

அடுத்தது, மோட்டாரை மறுக்கா சேத்துட்டு, மீட்டரை காயிலோட ஏ1, ஏ2 முனையில வெச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. மெயின் சுவிட்சுல அளக்காதீங்க. பட்டன், ஓவர்லோடு ரிலே கான்டாக்ட், ஆட்டோ ஸ்டார்ட்டர் ரிலே எல்லாம் காயிலோட சீரியஸ்ல இருக்குது, அதுல ஒண்ணு கரி புடிச்சிருந்தா லைன்ல 400 இருந்தும் காயிலுக்கு 340தான் வரும். மெயின்லயும் ஏ1-ஏ2லயும் ஒரே நேரத்துல அளந்து வித்தியாசம் அஞ்சு வோல்ட்டுக்கு மேல இருந்தா அந்த கான்டாக்ட்டுகளைத் தேடுங்க. கம்பி மாத்தறதுக்குப் போகாதீங்க.

415 வோல்ட்டு, ஏமாந்தா ஆளு போயிரும். ரப்பர் பாய் மேல நின்னு, மீட்டர் முள்ளை கிளிப் போட்டு மாட்டிப்போட்டு, கையை எடுத்துட்டு அப்புறம் பட்டனை அமுக்குங்க. பழக்கமில்லைன்னா எலக்ட்ரீசியனைக் கூப்புட்டுருங்க.

---

தாராபுரம்_தோட்டம் எழுதியது:

எலக்ட்ரீசியனை வெச்சே பாத்தாச்சுங்க. மோட்டார் இல்லாம ஏ1-ஏ2ல 385 வோல்ட். ஒரே தட்டுல புடிக்குது, ஆனா உர்ர்ர் இருக்குது. மோட்டாரோட ஸ்டார்ட் பண்ணறப்ப மெயின்லயும் காயில்லயும் ஒண்ணுபோல 320க்கு எறங்குது, டகடகன்னு அடிக்குது. ஒரு பக்கத்துச் செம்பு வளையம் மூலையில வெடிச்சிருக்குது. கோர் செட்டு மாத்திக்கறேன். லைனுக்கு என்ன பண்ணலாமுங்க? மீட்டர்கிட்ட இருந்து காயிலுக்கு மட்டும் தனியா ரெண்டு சன்ன ஒயர் இழுத்துட்டா வோல்டேஜ் எறங்காதுன்னு ஒருத்தர் சொன்னாரு.

---

வெள்ளகோவில்_எலக்ட்ரீசியன் எழுதியது:

அப்ப ரெண்டு கோளாறும் இருக்குது. டகடக வந்த வழி இதுதான்: கான்டாக்டர் மூடுது, மோட்டார் 70 ஆம்பியர் கிட்ட இழுக்குது, லைன் எறங்குது, காயில் விடுது. விட்டதும் மோட்டார் கரண்ட் போயிருது, லைன் ஏறிக்குது, மறுக்கா புடிக்குது. விரல் பட்டன்ல இருக்கற வரைக்கும் இது நிக்காது. ஒவ்வொரு அடிக்கும் காயிலுக்கு எகிறு கரண்ட், மெயின் கான்டாக்ட்டுல தீப்பொறி. வெள்ளி முனையும் தேய்ஞ்சு ஒட்டற நெலைமைக்கு வந்திருக்கும், அதையும் பாத்துருங்க.

கம்பிக் கணக்கு: 6 ஸ்கொயர் அலுமினியம் கிலோமீட்டருக்கு 4.7 ஓம். 200 மீட்டருக்கு, ஜாயிண்ட்டையும் சேத்தா 0.95 ஓம். 70 ஆம்பியர், ஸ்டார்ட்டிங் பவர் ஃபேக்டர் 0.5ன்னு வெச்சா, 1.732 × 70 × 0.95 × 0.5 = 58 வோல்ட் லைன்லயே போகுது. மிச்சம் ஏழு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். நீங்க அளந்த 65ம் சரியா வருது.

16 ஸ்கொயர் போட்டா 0.38 ஓம், எறக்கம் 23 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் ஏழையும் கழிச்சா 355 நிக்கும். வரம்பு 353, அதனால விளிம்புலதான். பக்கத்து மோட்டார் ஒண்ணு சேந்தாலும் பழைய கதை. 25 ஸ்கொயர்னா 0.24 ஓம், 15 வோல்ட் எறக்கம், 363 நிக்கும். செலவோட செலவா 25 போடறதுதான் என் யோசனை. அலுமினியத்தை செம்பு டெர்மினல்ல நேரா மாட்டாதீங்க, பைமெட்டாலிக் லக்கு போட்டு கிரிம்ப் பண்ணுங்க. இல்லைன்னா ஆறு மாசத்துல அந்த ஜாயிண்ட்டே புது எறக்கம் ஆகிரும்.

சன்ன ஒயர் யோசனை காயிலுக்கு வேலை செய்யும், சில்லறை மில்லி ஆம்பியருக்கு எறக்கமே இருக்காது. ஆனா வேண்டாமுங்க. மோட்டார் ரூம்ல மெயினை அணைச்சாலும் ஸ்டார்ட்டருக்குள்ள அந்த ரெண்டு ஒயர்ல 385 வோல்ட் உசுரோட நிக்கும். தெரியாம கை வெக்கறவருக்கு எமன். அதுபோக, காயில் புடிச்சுக்கிட்டாலும் மோட்டாருக்கு 320தான். ஸ்டார்ட்டிங் டார்க்கும் வோல்டேஜோட வர்க்கத்துலதான் போகும், 415க்கு 59 சதவீதந்தான் கெடைக்கும். பம்ப் சுத்தாம நின்னா வைண்டிங் காலி.

ஸ்டார்-டெல்டா (மொதல்ல கம்மி வோல்டேஜ்ல கெளப்பி அப்புறம் முழுசுக்கு மாத்தற ஸ்டார்ட்டர்) போட்டா லைன்ல ஸ்டார்ட்டிங் கரண்ட் மூணுல ஒரு பங்காகும். ஆனா அதுக்கு மோட்டார்ல ஆறு முனை வெளிய வரோணும். மூணு ஒயர் மட்டும் வர்ற சப்மெர்சிபிளுக்கு அந்தப் பேச்சே இல்லை.

கடைசியா இன்னொரு வழி: எலக்ட்ரானிக் காயில் வெச்ச கான்டாக்டர் கெடைக்குது, உள்ள ரெக்டிஃபையர் இருக்கும், 100 முதல் 250 வோல்ட் வரைக்கும் ஏ.சி.யோ டி.சி.யோ எதைக் குடுத்தாலும் புடிக்கும், உர்ர்ர் கிடையாது. அது பேஸ்-நியூட்ரல்ல ஓடறது. லோ வோல்டேஜ்ல நோ வோல்ட் காயில் தானா விடறது ஒரு பாதுகாப்பு, அது இதுல போயிரும். அதனால அண்டர் வோல்டேஜும் சிங்கிள் பேஸும் பாக்கற ரிலே கட்டாயம் போடோணும். சாதாக் காயில் இருந்தாலும் சிங்கிள் பேஸ் ரிலே வேணுமுங்க. காயில் ரெண்டு பேஸைத்தான் பாக்குது, மூணாவது போனா அதுக்குத் தெரியவே தெரியாது.

---

சோமனூர்_தறி எழுதியது:

இடையில வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எங்க தறியில நூல் அறுந்தா நிறுத்தற சின்னக் காந்தம் 24 வோல்ட் டி.சி. அது பஞ்சு அடைச்சு இழுக்காம நின்னாலும் கருகறதில்லை, சூடு அதே அளவுதான். மேல சொன்ன சந்துக் கணக்கு இதுக்கு ஏன் வரலை? இழுவை கொஞ்சம் பத்தலை, சுத்து கூட்டலாமுங்களா?

---

கோவை_காயில்கடை எழுதியது:

டி.சி.யில பாயம் மாறாதுங்க, ஆன் பண்ண நொடிப்பொழுது ஏறிட்டு அப்படியே நிக்கும். மாறாத பாயம் எதிர் வோல்டேஜ் குடுக்காது. கரண்ட்டைத் தடுக்கறது கம்பி ரெசிஸ்டன்ஸ் ஒண்ணுதான். சந்து இருந்தாலும் இல்லைன்னாலும் அதே கரண்ட், அதே சூடு. இங்க சந்து மாத்தறது பாயத்தை: சந்து பெருசுன்னா இழுவை ரொம்பக் கம்மி. ஏ.சி.யில வோல்டேஜ் பாயத்தைக் கட்டிப் போடுது, சந்து கரண்ட்டை ஆட்டுது. டி.சி.யில கரண்ட்டு கட்டுண்டு கெடக்குது, சந்து பாயத்தை ஆட்டுது. அதனாலதான் 230 வோல்ட் ஏ.சி. காயிலுக்கு 230 வோல்ட் டி.சி. குடுத்தா கருகிரும், 24 வோல்ட் டி.சி. காயிலுக்கு 24 வோல்ட் ஏ.சி. குடுத்தா சரியா இழுக்காம நடுங்கும்.

சுத்து கூட்டறதுக்கு: அதே கம்பியில சுத்து கூட்டுனா இழுவை கூடவே கூடாதுங்க. பலபேரு நம்ப மாட்டாங்க, கணக்கைப் பாருங்க. கம்பி 0.25 மி.மீ., ஒரு சுத்தோட சராசரி நீளம் 8 செ.மீ.ன்னா சுத்துக்கு 0.028 ஓம். 1,000 சுத்துக்கு 28 ஓம், 24 வோல்ட்டுல 0.857 ஆம்பியர், ஆம்பியர்-சுத்து 857. 3,000 சுத்துக்கு 84 ஓம், 0.286 ஆம்பியர், ஆம்பியர்-சுத்து அதே 857. வித்தியாசம் சூட்டுலதான்: முதல்ல 20 வாட்டுக்கு மேல, ரெண்டாவதுல 7 வாட். ஆக, சுத்து கூட்டுனா குளுமை, கம்பி கனம் கூட்டுனா இழுவை. கம்பிக் குறுக்குப் பரப்பு ரெண்டு மடங்குன்னா ஆம்பியர்-சுத்தும் ரெண்டு மடங்கு. ஆனா பாபின்ல எடம் அவ்வளவுதான், கனக் கம்பி கொஞ்சச் சுத்துதான் புடிக்கும், சூடு ஏறும். நூல் அறுந்தப்ப மட்டும் ஒரு நொடி இழுக்கற காந்தம்னா தாங்கும், எந்நேரமும் கரண்ட் ஓடறதுன்னா தாங்காது.

அதுக்கு முன்னால சந்தைக் கொறைக்கப் பாருங்க. கம்பி மாத்தறதைவிட அது சுலபம். இரும்பு நெரம்பாத வரைக்கும் சந்து பாதியானா இழுவிசை கிட்டத்தட்ட நாலு மடங்கு வரும். உள்ள ஓடற முள்ளுல அடைச்ச பஞ்சை காத்து அடிச்சு எடுத்துப்போட்டு, ஸ்டாப்பரை நெருக்கி வெச்சுப் பாருங்க. முழுசா ஒட்டற எடத்துல பித்தளை வாஷர் இருந்தா எடுத்துப்போடாதீங்க. மிச்சக் காந்தம் புடிச்சுக்காம இருக்கத்தான் அது. டி.சி.யில கரண்ட் பூஜ்யத்தைத் தாண்டறதே இல்லை, அதனால இந்தத் தொல்லை கூடுதல்.

---

சோமனூர்_தறி எழுதியது:

வாஷர் இருக்குதுங்க, எடுக்கலை. காந்தத்தை ஆன்-ஆஃப் பண்ணற ரிலே முனை அடிக்கடி கருகிருது, அதுவும் இதோட சம்பந்தமா?

---

பாலிடெக்னிக்_வாத்தியார் எழுதியது:

ஆம். காயிலில் கரண்ட் ஓடும்போது காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. ரிலே முனை திறந்ததும் பாயம் சட்டென்று சரிகிறது, மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு வோல்டேஜ் தூண்டப்படும். 24 வோல்ட் காயில் என்றாலும் அந்த நொடியில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழுந்து முனையில் பொறியாகப் பாயும்.

காயிலின் இரு முனைக்கும் குறுக்காக ஒரு 4007 டயோட் போடுங்கள். வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பிளஸ் முனைக்கு. மாற்றிப் போட்டால் ஆன் செய்த உடனே ஷார்ட், சப்ளை ஃபியூஸ் போகும். காயில் கால்களிலேயே பற்றவையுங்கள், ரிலே பெட்டியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். டயோட் போட்டபின் காந்தம் விடுவது சில பத்து மில்லி செகண்ட் தாமதமாகும். தறியில் அந்தத் தாமதம் இடிக்கிறது என்றால், டயோடுக்குத் தொடராகக் காயில் ரெசிஸ்டன்ஸ் அளவுக்கே ஒரு ரெசிஸ்டரைச் சேருங்கள். 84 ஓம் காயிலுக்கு 82 ஓம், 2 வாட் போதும். திறக்கும் நேரத்தில் எழும் வோல்டேஜ் அப்போது சப்ளை வோல்டேஜின் அளவுக்குள்ளேயே நிற்கும், முனையும் தப்பிக்கும்.